சின்ன வாய்க் காபரேட்டர்

ஞாயிறு இரவு, பன்வில

வண்டி மேடு ஏறிவிட்டது! இன்றும் ஏறாவிட்டால் எஞ்சினைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். பழைய தண்ணீர்ப் பம்பின் எஞ்சினை வைத்து நானே கட்டிய குட்டி மோட்டார் சைக்கிள் அது.

கட்டுகஸ்தோட்டை கராஜில் எல்லாரும் பெரிய மோட்டார் சைக்கிளின் காபரேட்டரைத்தான் மாட்டச் சொன்னார்கள். காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அதன் வாய்க்குள் என் பெருவிரல் போகும். அதை மாட்டியதும் வண்டி சமதரையில் சீறியது; மேட்டில் ஒவ்வொரு முறையும் இருமி நின்றது. இன்று காலை பம்பின் பழைய காபரேட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல்தான் போகிறது. வாய் பெரிதானால் இந்தச் சின்ன எஞ்சின் இழுக்கும் காற்று மந்தமாகிவிடும், பெற்றோலைத் தூக்காது என்று அப்போதுதான் உறைத்தது.

"பம்பு சாமானா? தண்ணி எறைக்கப் போறியா மச்சான்?" என்று கூட்டாளி ரிஸ்வான் சிரித்தான்.

அதையே மாட்டினேன். கோயில் வளைவு, தோட்ட வீடுகள் இருக்கும் லயத்து மேடு, எங்கள் வாசல் வரை எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் ஓடிவந்த ரிஸ்வானுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அப்பா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "எறங்குடா, நான் ஒரு ரவுண்டு போறேன்" என்றார்.

பெற்றோல் தீர்ந்த பிறகுதான் தள்ளிக்கொண்டு வந்தார். இரும்புக்காரனைப் பற்றிப் பேச்சே இல்லை.