சோம்பு போடாத வீடு

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று அடுக்களையில் இருந்தவர்கள்: நான், பேத்தி அசிமினா, மாப்பிள்ளையின் அம்மா எவன்தியா, என் நாத்தனார் பொலிக்செனி. பொலிக்செனியை நான் கூப்பிடவில்லை. வந்தாள்.

சனிக்கிழமை அசிமினாவுக்குக் கல்யாணம். விருந்துக்கு முன்னால் கசப்பும் இனிப்புமாக ஒரு பானம் கொடுக்க வேண்டுமாம். ஏதென்ஸ்காரி எவன்தியா சிவப்புக் கசப்பு மதுவும் ஜின்னும் கொண்டுவந்திருந்தாள். ஜின் எதற்கு? என் வீட்டுக்காரர் ஸ்டெர்யோஸ் கடைசியாகக் காய்ச்சிய சிப்புரோச் சாராயம் பதினோரு புட்டி இருக்கிறது. அவர் போய் ஒன்பது வருடம். இந்தக் கல்யாணத்துக்கென்றே திறக்காமல் வைத்திருந்தேன்.

இந்தத் திர்னாவோஸில் எல்லோரும் சாராயம் காய்ச்சும் கொப்பரையில் சோம்பு போடுவார்கள். நான் நவுசாவில் பிறந்தவள். எங்களுக்குத் திராட்சைச் சக்கை மட்டும்தான். சோம்பு போடுவதில்லை என்று மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவரைக் கட்டினேன்.

அசிமினா கலந்தாள். சிப்புரோ ஒரு பங்கு, சிவப்பு ஒரு பங்கு, கறுப்பு இனிப்பு ஒயின் ஒரு பங்கு, நாரத்தைத் தோல். மாணிக்கம் மாதிரி இருந்தது. ஜலதோஷத்தில் எனக்கு வாசனை தெரியவில்லை. ஐஸ் போட்டுக் கிண்டினாள் — தயிர்ச் சட்டி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது!

சோம்பு இருந்தால்தான் அப்படி வெளுக்கும். இங்கே சோம்பு போட்டுக் காய்ச்சுகிற வீட்டுக்காரி ஒருத்திதான்.

"பொலிக்செனி! புட்டிய மாத்திட்டியாடி?"

அவள் குனிந்தபடி நாரத்தைத் தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள். எவன்தியா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு சம்பந்தி! இதையே ஊத்துவோம்" என்றாள்.

"சோம்பு போட்ட எதுவும் என் வீட்டுலேர்ந்து விருந்துக்குப் போகாது. ஜின்னையே ஊத்துங்க!"

அசிமினா அழுதாள். "தாத்தாவும் என் கல்யாணத்துல இருக்கிற மாதிரி இருக்கும்னு நெனச்சேன் பாட்டி."

செப்டம்பர் 4

ஒவ்வொரு புட்டியிலும் ஒரு சொட்டெடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வெளுக்கிறது. பதினொன்றுமா?

செப்டம்பர் 5

பொலிக்செனி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, மாத்தினது நான் இல்ல. அண்ணன் வருஷா வருஷம் எங்க வீட்டுல சோம்பு போட்டுக் காய்ச்சிக்குவாரு. கடைசி வருஷம் எங்க நிலவறையில தண்ணி ஏறிடுச்சு. சோம்பு போடாததுன்னு சொல்லி இங்க கொண்டாந்து வெச்சாரு. சொல்லக்கூடாதுன்னு சத்தியம்."

"அவரு வாயில சோம்பு மணக்கும்போதெல்லாம் நீதான் ஊத்திக்குடுக்கறேன்னு ஒன்னத்தானேடி திட்டினேன்?"

"திட்டினீங்க. அதுக்குத்தான் அண்ணன் மாசம் ஒரு கோழி குடுத்தாரே."

என் கோழி! நரி தூக்கிப்போகிறது என்று கூண்டுக்கு மூன்று பூட்டுப் போட்டேனே! சாவி அவரிடம்தானே இருந்தது?

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அசிமினாவைக் கூப்பிட்டு, புட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. பதினொன்றும் காலி. ஜின் மூடி திறக்காமலே ஏதென்ஸுக்குத் திரும்பிப் போகிறது. நானும் இரண்டு கோப்பை குடித்தேன். நன்றாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

காலையில் பொலிக்செனி வீட்டில் காப்பி குடித்தேன், சோம்புச் சண்டை வந்த 1983-க்குப் பிறகு முதல் தடவை. பிறகு அவர் கல்லறைக்குப் போய் விளக்கேற்றினேன்.

பொலிக்செனியை மன்னித்தாயிற்று. நரியையும் மன்னித்துவிட்டேன்.

ஸ்டெர்யோஸை மன்னிக்க மாட்டேன்.