திரையின் பின்பக்கத்திலிருந்து

பாகூர்,
9-12-1962

தம்பி செல்லக்கண்ணுவுக்கு அண்ணன் சுப்பராயலு எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி ஆண்டாளும் உடம்புக்குக் குறைவின்றி இருக்கிறோம். நெய்வேலியில் நீயும் சாரதாவும் குழந்தை வனஜாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எட்டு வருஷமாகக் கேட்காதவன் இன்று கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்தால் சிரி. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால் அதுவே பெரிது.

இந்த வருஷம் மழை நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிகிறது. நம் வீட்டுப் பின்சுவர் ஒரு முழம் சரிந்துவிட்டது. ஆள் சொல்லியிருக்கிறேன், இன்னும் வந்தபாடில்லை.

நான் எழுத உட்கார்ந்தது ஒரு படத்தைப் பற்றி. நாடகமோ படமோ பார்த்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். இப்போதும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக ரேடியோவில் நாடகம் கேட்டால் மறுநாளே நிலையத்துக்கு ஒரு தபால் கார்டு போய்விடும். போன மாதம் ஒரு நாடகத்தில் கதாநாயகி இருமி இருமிச் சாவதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அத்தனை மூச்சு உள்ளவள் இன்னும் முப்பது வருஷம் இருப்பாள் என்று எழுதினேன். பதில் இல்லை.

சீனாவோடு எல்லைச் சண்டை வந்த பிறகு சர்க்காரின் பிரசார வண்டி ஊர் ஊராகப் படம் காட்டி வருகிறது. போன வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் நம் சந்தைத் திடலிலும் இரண்டு கழி நட்டு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். முன்வரிசை நாற்காலியில் கொம்யூன் குமாஸ்தா மாரிமுத்து. அவனைச் சுற்றி என்னிடம் படித்து, இன்று என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கும் நாலைந்து பேர். அவர்களோடு உட்கார எனக்கு மனமில்லை. ஆண்டாள் முன்னால் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன முக்காலியைத் துணிக்குப் பின்பக்கம் போட்டுக்கொண்டேன். அங்கிருந்தும் படம் தெரியும். இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் இரண்டு எருமைகளைத் தவிர யாரும் இல்லை. வசதியாக இருந்தது.

முதலில் சண்டைப் படம். பேசியவர் வீரம் என்ற சொல்லைப் பதினொரு தடவை சொன்னார். பனியில் விறைத்த விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்த ஒரு சிப்பாயைக் காட்டினார்கள். அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருந்தால் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்திருப்பார்கள். அடுத்தது புதுமுறை நெல் நடவு. சேற்றில் இறங்கிய விவசாயியின் வேட்டியில் ஒரு துளி சேறு இல்லை. கூட்டத்தில் யாரோ, "இன்னாய்யா, மாப்ளே நடவு நட வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?" என்று கத்தினான். அதைவிட நல்ல விமரிசனம் எனக்கும் எழுத வராது.

மூன்றாவது படம் புதுச்சேரியைப் பற்றியது. ஐம்பத்து நாலில் எடுத்தது. பத்து நிமிடம். கடற்கரை, கொடி இறக்குவது, கொடி ஏற்றுவது. பிறகு நம் ஏரிக்கரை வந்தது. பிறகு நம் பள்ளிக்கூட வாசலில் போட்ட பலகை மேடை. அந்த மேடையில், தம்பி, நான் நின்றேன். அதாவது நீ, என் வேஷத்தில்.

இந்தியாவோடு இணைப்பு நடந்த வாரம் நீங்கள் போட்ட நாடகத்தை எடுக்கப் பட வண்டி வந்ததும், கடைசிக் காட்சியைக் காலை வெயிலில் மறுபடி நடிக்கச் சொன்னதும் ஊரே பேசியது. நான் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். முந்தின நாள் இரவே மாரிமுத்து வந்து சொல்லிவிட்டான். "இன்னா வாத்தியாரே, உந்தம்பி உன்னெ மேடையில ஏத்திட்டானே! குடை இன்னா, கோட்டு இன்னா, நடை இன்னா! ஊரே சிரிக்குது. நானே சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து பாதியில எழுந்து வந்துட்டேன்" என்றான். பாதியில் என்று அவன் சொன்னது அன்று என் காதில் விழவில்லை.

இருபத்தோரு வருஷம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவன் ஒரே வாரத்தில் ஊருக்கு வேண்டாதவனாகி நின்ற நேரம் அது. தெருவில் போனால் 'துரை வாத்தியார்' என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். அதில் என் கூடப் பிறந்தவனும் சேர்ந்துகொண்டான் என்று முடிவு கட்டினேன். ஊரில் எந்த நாடகத்தைப் பற்றியும் கருத்துச் சொல்பவன், பார்க்காத ஒரு நாடகத்துக்குத் தீர்ப்பு எழுதி எட்டு வருஷம் அதைக் காப்பாற்றினேன்.

வியாழக்கிழமை பார்த்தேன். கறுப்புக் கோட்டும் குடையுமாக, ஒரு தோளைச் சாய்த்து நீ நடந்து வந்தாய். திடலில் சனம் சிரித்தது. சிரிக்க வேண்டிய நடைதான். பிரெஞ்சுக் கொடியைப் பிடுங்க வந்த இளைஞர்களைக் கையை உயர்த்தி நிறுத்தினாய். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரலில் இருந்த சாக்குக்கட்டித் தூளை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாய். பிறகுதான் கொடிக் கயிற்றைத் தொட்டாய். கொடியை இறக்கி, மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்தாய். போய், பிள்ளைகள் உட்காரும் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாய். அடுத்து, அன்று மேடைக்கு முன்னால் இருந்த சனத்தின் முகங்களைக் காட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் என் மனைவி.

அத்தனையும் நாற்பது வினாடி இருக்கும். உன் குரல் இல்லை. மேலே நாதஸ்வரத்தைப் போட்டு, "இணைப்பின் மகிழ்ச்சியில் திளைக்கும் கிராம மக்கள்" என்று ஒருவர் சொன்னார். படத்தைப் பார்க்காமல் எழுதிய பேச்சு. ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சாக்குத் தூளை விரல் விரலாகத் துடைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது என் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது. 

படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆண்டாளிடம் கேட்டேன், நீ எப்போது அந்த நாடகத்துக்குப் போனாய் என்று. படம் எடுத்த அன்று காலை, அடுத்த தெருப் பவுனம்மாள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாளாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்ல வந்தப்பல்லாம், அந்தப் பேச்சை எடுத்தா சோத்துல கை வெக்கமாட்டேன்னீங்க. ஒங்களப் பட்டினி போட்டுட்டு நான் இன்னாத்தச் சொல்றது?" என்றாள். 

அம்மா காரியத்தின்போது பதினாறு நாள் ஒரே பந்தலில் இருந்தும் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கிக் கீழே வைத்தேன், குடிக்கவில்லை. அதையாவது துக்கம் என்று நீ நினைத்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் நான் செய்ததற்கு அப்படி ஒரு மறைப்பும் கிடையாது. வனஜாவுக்குப் படிப்புத் தொடங்கப்போகிறோம், முதல் எழுத்தை அண்ணன்தான் கைபிடித்து எழுதவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தில் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து, அடியில் இருபதுக்கு எட்டு என்று மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பின் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. என்ன எழுதியிருக்க முடியும்? தபாலில் போட்டுவிட்டு அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இப்போது வேறொரு விஷயம். எங்கள் பிள்ளை நாகமுத்து பிரான்சில் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கள் இருவரையும் அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர்கள் பிப்ரவரி நடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் நாலைந்து நாள் உட்கார்ந்து நல்ல பிரெஞ்சில் எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அங்கே வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியில் நாடகமும் செய்திப் படமும் பார்க்கலாம் என்று நாகமுத்து எழுதியிருந்ததை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "கதவெ சாத்திக்கினே பாக்கலாமா? அப்ப அது ஒங்களுக்கு ஏத்த ஊருதான்" என்றாள்.

அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவளிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. அந்தக் காகிதம் பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், திரும்ப வைக்கிறேன்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாப்பாடு ஆனதும், பழக்கம் விடாமல், "எல்லாம் சரியாகத்தான் செய்தான். குடையை மட்டும் இடது கையில் பிடித்துவிட்டான். நான் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை" என்றேன். ஆண்டாள் எச்சில் இலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "தம்பி வலது கையிலதாங்க புடிச்சிருந்தாரு. நான் முன்னாடி இருந்து பாத்தேன். நீங்கதான் துணிக்குப் பின்னாடி, எருமையாண்ட போயி உக்காந்துக்கினீங்க."



பொங்கலுக்குச் சாரதாவையும் வனஜாவையும் அழைத்துக்கொண்டு வா. வனஜா முதல் எழுத்தைத் தாண்டி எங்கேயோ போயிருப்பாள். இருக்கட்டும், அவளுக்குத் தெரிந்ததை எனக்கு எழுதிக் காட்டட்டும், நான் சிவப்பு மையைத் தொடமாட்டேன். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு குறைவின்றி இருக்க வேண்டும். மூத்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த ஆசீர்வாதத்தைச் செய்கிறேன்.

வந்தால் அந்தக் கடைசிக் காட்சியை நம் வீட்டு முற்றத்தில் எனக்காக ஒரு தடவை நடித்துக் காட்டு. கோட்டு பெட்டியில் இருக்கிறது, குடை வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறது. இந்தத் தடவை நான் முன்னால் உட்காருகிறேன்.

உன் அண்ணன்,
சுப்பராயலு