வரி போடச் சொல்லி நானே கை தூக்கினேன், அண்ணி

அன்புள்ள அண்ணி,

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும், சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. வீட்டு வரியை உயர்த்துவது, உயர்த்தி வருகிற பணம் முழுவதையும் பள்ளிக்கூடத்துக்கே செலவழிப்பது என்று நம் ஊர் கிராம சபையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நீங்கள் மூன்று முறை கொண்டுவந்து மூன்று முறையும் தோற்ற அதே தீர்மானம்தான். இந்த முறை கொண்டுவந்தது யார் என்று கேளுங்கள். நான்தான்.

சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

போன வருடத்து மே தினக் கிராம சபை ஞாபகம் இருக்கிறதா? எங்கே மறந்திருப்பீர்கள். நீங்கள் அப்போது வார்டு உறுப்பினர், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தலைவி. ஷாமியானாவுக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுந்து நின்றீர்கள். தொடக்கப் பள்ளியில் கழிப்பறை கழுவிய அம்மாள் நின்றுவிட்டார், வேறு ஆள் கிடைக்கவில்லை, மோட்டாரும் பழுது, அதனால் கழிப்பறைக்குப் பூட்டு போட்டாயிற்று என்றீர்கள். சுற்றுச்சுவர் இல்லாததால் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டுக்குப் பந்தைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடுவதைச் சொன்னீர்கள். மனு கொடுத்து மனு கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது, இனி நமக்கு நாமே வரி போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் இருக்கிற பிள்ளைகளும் தனியார் பள்ளி வேனில் ஏறிவிடும், நம் பள்ளியை ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்றீர்கள்.

நான் மைக்கை வாங்கினேன். டீக்கடைக்காரிக்கு வாய்க்கென்ன பஞ்சம்? என் பையனை அரியலூருக்கு வேனில் அனுப்பிப் படிக்கவைக்க என் நகையெல்லாம் அடகுக்குப் போனது. அவனுக்கு ஒருமுறை கட்டி முடித்தேன், ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு முறை நான் ஏன் கட்டவேண்டும் என்று கேட்டேன். சோப்புக்கு வரி, செருப்புக்கு வரி, இத்தனையும் வாங்குகிற அரசாங்கத்துக்கு ஒரு கழிப்பறையைக் கழுவத் தெரியாதா என்றும் கேட்டேன். அவை நியாயமான கேள்விகள்தான், இன்றைக்கும் சொல்கிறேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உட்காரப் போனவள் திரும்பி நின்றேன்.

“எங்க அண்ணிக்கு வூட்ல பொழுது போவல. அதுக்கு ஊரே வரி கட்டணுமாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் போய், பிள்ளையும் இல்லாமல் அந்த வீட்டில் தனியாக இருந்த உங்களைப் பார்த்து அதைச் சொன்னேன். நீங்கள் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். கை தூக்கியவர்களை எண்ணக்கூடத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு ஒன்பது நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் வந்து முந்திரிக்கொட்டை காயவைக்கத் தார்ப்பாய் கேட்டீர்கள். எடுத்துக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐப்பசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. திட்டியாவது அந்த மன்னிப்பை என்னிடம் கேட்டு வாங்கியிருக்கக்கூடாதா அண்ணி?

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், பள்ளிக்கூடத்து இடைவேளை நேரம். கடை வாசலில் மூன்று பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள். மிட்டாய்க்கு வந்திருக்கிறார்கள் என்று பாட்டில் மூடியைத் திறந்தேன். நாலாம் வகுப்பு யாழினி மட்டும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

“அந்த அத்தை வூடு பூட்டியிருக்குங்க அத்தை,” என்றாள்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பள்ளிக் கழிப்பறைக்குப் பூட்டு விழுந்த நாளிலிருந்து அத்தனை பெண் பிள்ளைகளும் உங்கள் கொல்லைப் பக்கம் வந்து போயிருக்கிறார்கள். தினமும் தண்ணீர் பிடித்து வைத்து, பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பொழுது போகவில்லை என்று நான் மைக்கில் சொன்ன அதே நாட்களில்! நாலு வீடு தள்ளி இருந்த எனக்கு இது தெரியவில்லை. என்ன மனுஷி நான் என்று அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் என் வீட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டேன். குடத்தில் தண்ணீரும் நிறைத்து வைத்தேன். என் வீட்டுக்காரரைத் தெரியுமே, வீட்டோடு மாப்பிள்ளை, வாயைத் திறக்கமாட்டார், அவரே ஒரு பக்கெட் வாங்கி வந்தார். மார்கழி, தை, மாசி என்று மாதங்கள் ஓடின. எனக்கும் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. அண்ணி செய்ததை நானும் செய்கிறேன், இதற்கு எதற்கு வரியும் தீர்மானமும், மனசு இருந்தால் போதாதா என்று டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேர். அது என் வீட்டுக்காரரின் சொந்த ஊர், போகாமல் இருக்க முடியாது. கடையைச் சாத்தி, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மூன்று நாள் போனோம். திரும்பி வந்தால் யாழினி அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். நீர்க்கடுப்பு, காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் ஒதுங்க இடமில்லை என்று மூன்று நாளும் பிள்ளை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். அவள் அம்மா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “ஒன்னையக் குத்தம் சொல்லல மலரு. நீ தேருக்குப் போயிட்ட. அதுக்கு நீ என்ன பண்ணுவ?” என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பேச்சே காதில் நின்றது. நல்ல மனசு தேர் பார்க்கப் போகும், காய்ச்சலில் படுக்கும், ஒருநாள் செத்தும் போகும். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அவசரம் வராதா? நீங்கள் கழுவிக்கொண்டே ஏன் வரி கேட்டீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வரி எந்த ஊருக்கும் போகாது. ஒருத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். சாவி என்னிடம்தானே இருக்கிறது. அலமாரியில் உங்கள் தாள் இருந்தது. நீங்கள் மூன்று முறை வாசித்தும் நான் ஒருமுறைகூட ஒழுங்காகக் கேட்டதில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி உயர்த்தச் சொல்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியது வேறு. கூரை வீட்டுக்குப் பழைய வரியே. ஓட்டு வீட்டுக்குக் கொஞ்சம், மாடி வீட்டுக்கு அதைவிடக் கூட, கடைக்கும் லாரி செட்டுக்கும் எடைமேடைக்கும் இன்னும் கூட. என் வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்று போட்டுப் பார்த்தேன். என் பையனின் ஒரு மாத வேன் காசுகூட வரவில்லை. இதற்கா அண்ணி நான் அந்த ஆட்டம் ஆடினேன்?

இந்த மே தினத்தில் அந்தத் தாளோடு நான் எழுந்தபோது முதலில் குறுக்கே பேசியவர் எடைமேடை ராமலிங்கம். அவருக்குத்தான் வரி அதிகம் கூடும். போன வருடம் இதே மைக்கில் வேறு மாதிரி பேசியது நீதானே என்று கேட்டார். நியாயம்தானே?

“ஆமாங்க, நான்தான் பேசுனேன். தப்பாப் பேசுனேன். எங்க அண்ணி உசுரோட இருந்தப்ப இதச் சொல்லல, இப்ப ஊருக்கு முன்னாடி சொல்றேன்,” என்றேன். யாழினி கதையைச் சொன்னேன், என் பூட்டிய வீட்டையும் சேர்த்தே சொன்னேன்.

ராமலிங்கம் லேசுப்பட்டவர் இல்லை. அரசாங்கம் செய்யவேண்டியதை நாமே செய்துவிட்டால் அப்புறம் அரசாங்கம் எதற்கு என்று கேட்டார். போன வருடம் நான் கேட்ட கேள்விதான். அதையும் விடாமல் கேட்போம், அதுவரை பிள்ளைகளை அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்ல முடியாது என்றேன். துணிக்கடை பாய், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து இங்கே கடை போட்டிருக்கிறாரே, அவர் எழுந்தார். தனக்கு இங்கே படிக்கிற பிள்ளை இல்லை, ஆனாலும் கட்டத் தயார், செலவை மாதாமாதம் பள்ளிச் சுவரில் எழுதிப் போடவேண்டும், பள்ளிவாசலில் தாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்றார். ஊராட்சித் தலைவர் அதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ராமலிங்கம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஊரில் புருஷன் இல்லாத பெண்கள் எத்தனை பேர், முந்திரி உடைத்துப் பிழைக்கிறவர்கள், அந்தப் பாவப்பட்ட ஜனங்கள் தலையில் வரியை ஏற்றலாமா என்று கேட்டார். கூட்டம் அப்படியே அவர் பக்கம் சாய்ந்தது. போச்சு, இந்த முறையும் தோற்றோம் என்று நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து அஞ்சலை எழுந்தாள். முந்திரி உடைக்கிற அஞ்சலைதான், ஓட்டு வீடு, புருஷன் இல்லை. அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

“எம் புருஷன் செத்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கிட்ட குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற தலைக்கட்டு வரிய வாங்கல. பாவம், வேணாம்னுட்டாங்க. பேரையும் மைக்குல வாசிக்கல, பிரசாதத் தட்டும் எங்க வூட்டுக்கு வரல. மலரோட அண்ணி சகுந்தலாதான் என்னையும் கூட்டிக்கிட்டு, கையில காசோட போயி நின்னுச்சு. வரி வேணாங்கிறது, நீ இந்த ஊர்ல ஒரு ஆளே இல்லங்கிற மாதிரிதானேன்னு கேட்டுச்சு. அன்னையிலேருந்து எம் பேரையும் வாசிக்கிறாங்க. எனக்குச் சலுக வேணாங்க. ஓட்டு வூட்டுக்கு எவ்வளவோ அதப் போடுங்க.”

அண்ணி, உங்களை அண்ணன் போன பிறகு தலைக்கட்டிலிருந்து எடுத்ததும், நீங்கள் போய் நின்று சேர்ந்துகொண்டதும் எனக்குத் தெரியும். வீம்புக்குச் செய்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அஞ்சலையையும் கையோடு கூட்டிப் போனது தெரியாது. அவளோடு நிற்கவில்லை அது, இன்னும் ஐந்தாறு பெண்கள் எழுந்து, எனக்கும் போடுங்க, எனக்கும் போடுங்க என்றார்கள். வரியை வேண்டாம் என்று சண்டை போட்ட ஊரைப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஏன் போடவில்லை என்று சண்டை போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

தலைவர் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள் அண்ணி! ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள்கூடத் தூக்கினார்கள். ராமலிங்கம் கடைசிவரை தூக்கவில்லை, அது அவர் உரிமை. பின்னால் வரியை முணுமுணுத்துக்கொண்டே தவணைக்கு முன்பே கட்டிவிட்டார். எழுத்தர் தீர்மானத்தை வாசித்து முடித்த பிறகும் நான் கையை இறக்கவில்லையாம், என் வீட்டுக்காரர்தான் பிடித்து இறக்கினார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மத்தியானம் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் டீ இலவசம் என்று சொல்லிவிட்டேன், பாலுக்குக்கூட வழியில்லாமல் போய்க் கடையைச் சாத்தினேன்.

இப்போது நிலவரம் சொல்கிறேன், கேளுங்கள். மோட்டார் ஓடுகிறது. கழிப்பறை கழுவ மாதச் சம்பளத்துக்கு ஒரு அம்மாள் வருகிறார், அவர் வராத நாளுக்கு மாற்று ஆளும் பேசியிருக்கிறது. சுற்றுச்சுவர் ரோட்டுப் பக்கம் முழுக்க எழும்பிவிட்டது, மற்ற பக்கம் இடுப்பளவு. வேனில் போய்க்கொண்டிருந்த ஆறு பிள்ளைகள் ஜூனில் நம் பள்ளிக்கே திரும்பி வந்து சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்க்கிற பேச்செல்லாம் காற்றோடு போயிற்று. யாழினி ஐந்தாம் வகுப்பு, நன்றாகத் தேறிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் நான் பழக்கத்தில் பின்கதவைத் திறந்து, குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்தேன். ஒருத்தியும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. கடலைமிட்டாய்க்கு வந்த யாழினியைப் பிடித்து, என்னடி, எங்கள் வீட்டுப் பக்கமே காணோம் என்று கேட்டேன்.

“எதுக்குங்க அத்தை? எங்க ஸ்கூல்லயே இருக்குல்ல,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் பாருங்கள். யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை, யார் வீட்டு வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. நீங்கள் கேட்டது இதைத்தானே அண்ணி?

அடுத்த மே தினமும் வரும். வரியைக் குறைக்கச் சொல்லி யாராவது எழுந்து பேசுவார்கள். பேசட்டும், நான் பேசியதைவிட மோசமாகவா பேசிவிடப் போகிறார்கள்? நானும் எழுந்து பதில் சொல்வேன். உடம்பு முடியாமல் போனால் என் பையனை அனுப்பிப் பேசவைப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு: இந்த ஊர்ப் பள்ளிக் கழிப்பறைக்கு இனி ஒருநாளும் பூட்டு விழாது.

இப்படிக்கு,
உங்களை எதிர்த்தே பேசி, இப்போது உங்கள் பேச்சையே பேசிக்கொண்டிருக்கிற
உங்கள் நாத்தனார் மலர்க்கொடி