அத்தானின் நீலச் சட்டை

மார்ச் 4

கண்காட்சி இன்று திறந்தது. காய்ச்சல் என்று படங்கள் மாட்டும் நாளில் போகாமல், நேராகத் திறப்பு விழாவுக்கே போனேன். என் பெரிய படம் தலைகீழாகத் தொங்குகிறது.

எந்தப் பக்கம் மேல் என்று பின்பக்கம் அம்புக்குறி போடாமல் அனுப்பியது என் தப்புதான். அக்கா வீட்டுத் துணிக்கொடி அது. அத்தானின் சட்டைகள், கீழ் ஓரத்தில் கிளிப் மாட்டி, கைகள் தரையைப் பார்த்துத் தொங்கும். இப்போது கைகள் மேலே நிற்கின்றன. கேலரிக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பத்திரிகை விமர்சகர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தலை போன பிறகும் கை தூக்கி நிக்கிற ஜனங்க! என்ன துணிச்சல் உங்களுக்கு!"

நான் என்ன சொன்னேன்? "நன்றி" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு விமர்சகர்கூட என்னைத் தேடி வந்ததில்லை. அதனாலா? நாளைக்குச் சொல்லிவிடலாம்.

மார்ச் 5

சொல்லவில்லை.

மார்ச் 8

விமர்சனம் வந்துவிட்டது, அரைப் பக்கம். நான் எழுச்சியின் ஓவியராம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலை அடைத்து வண்டி நிறுத்தினால்கூட வாயைத் திறக்காதவள்! திரும்பத் திரும்பப் படித்தேன். வெட்கம் கெட்டவள்.

மார்ச் 12

அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான், படத்தில் இருக்கிற அதே நீலச் சட்டையில். "மாடல் வந்திருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு" என்றார். படத்தின் முன் நல்ல கூட்டம். அக்காவுக்கு எப்போதும் பெரிய குரல்.

"ஏய், இது நம்ம கொடி இல்ல? தலைகீழா மாட்டித் தொலைச்சிருக்காங்கடி! பாக்கெட்டப் பாரு, வாய் மேல இருக்கு! நம்ம கொடியில பேனா வெச்சா நேரா தரைக்குத்தான்!"

கேலரிக்காரர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும். அக்கா என்னைப் பார்த்தாள், நான் சொல்லுவேன் என்று. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். "அது மாடர்ன் ஆர்ட் அக்கா. உனக்குப் புரியாது."

எழுதவே கை கூசுகிறது. இந்த நாக்கு அழுகிப் போகட்டும். அக்கா சண்டை போடவில்லை. "அப்படியா? படிச்சவ நீ சொன்னா சரிதான்" என்றாள். நம்பிவிட்டாள். அத்தான் தன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 2

படம் விற்றுவிட்டது. வாங்கியவர் தொழிலாளர்களுக்காக வாதாடும் ஒரு வக்கீலம்மா. "ஆபீஸ்ல மாட்டப்போறேன். வர்றவங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

மே 19

எந்தப் படமானாலும் அக்கா பார்த்த பிறகுதான் வெளியே போகும். அந்தக் கொடிப் படம் ஒன்றுதான் அவளுக்குக் காட்டாமல் போனது. "இந்த நாய்க்கு முழங்கால் எங்க?" "இந்த ஆளு என்ன, சுவத்துக்குள்ளயா உக்காந்திருக்கான்?" அவள் வாய் எத்தனை படங்களைக் காப்பாற்றியிருக்கிறது!

இன்று புதுப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குடி."

"அவ்வளவுதானா?"

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

குத்தலாகச் சொல்லவில்லை. மரியாதையாகச் சொன்னாள். என்கிட்ட மரியாதையா! அய்யோ, என்னத்தப் பண்ணி வெச்சிருக்கேன் நான்—

மே 21

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு நான் சொன்னது சரிதானா?"

"சரிதான்க்கா."

"எல்லாரும் சிரிச்சாங்களே."

"நானும் சிரிச்சேன்."

"ஆமா. நீயும்தான்."

எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

மே 27

கேலரிக்காரரையும் கூட்டிக்கொண்டு வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். வக்கீலம்மா எழுந்து படத்தின் பக்கம் போனார். "இதக் காட்டி எத்தனை பேருக்கு என்னென்னவோ சொன்னேனே" என்றார். திட்டியிருக்கலாம். படத்தைத் திருப்பி அனுப்புகிறாராம். கேலரிக்காரர் படியிறங்கும்போது, "இனிமே எங்க பக்கம் வந்துடாதீங்க" என்றார். வரமாட்டேன்.

ஜூன் 15

படம் இப்போது அக்கா வீட்டுச் சுவரில். "அம்பு போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அத்தான் ஆணியே அடித்தார். போட்டிருந்தேன், குழந்தைக்குக்கூடத் தெரிகிற அளவுக்கு.

அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். 'நல்லா இருக்குடி' வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தக் கடைசிச் சட்டைக்குக் கிளிப்பே இல்லையே. எதுலடி தொங்குது அது?"

கிட்டே போய்ப் பார்த்தேன். இல்லைதான். இத்தனை பேர் பார்த்த படம். வரைந்த எனக்கே தெரியவில்லை.

"பிரஷ் கொண்டுவந்து போட்டுட்டுப் போ" என்றாள். "விழுந்துடப்போகுது."