வார்டு சபையில் என் பெயர்

2006 பிப்ரவரி 6, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு தம்பானூர் வந்து சேர்வதற்குள் நான் காய் நறுக்குகிற மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம் தொடங்கிவிட்டது. மெஸ் முதலாளி நயினார் அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாதத்தில் ஒரு நாள் லேட்டாக வந்தால் குடியா முழுகிவிடும்? அவரிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அல்சருக்கு எதற்கு இவ்வளவு நாள் மருந்து என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

"நல்லா சாப்பிடணும் கேட்டோ, முட்டை, பால், பயறு" என்று மலையாளத்து நர்ஸ் இன்றும் சொன்னாள். மாத்திரை இலவசம். அதைத் தாங்குகிற வயிற்றுக்கு யார் போடுவது? விதவைப் பென்ஷன் வந்த அன்றைக்கே பலசரக்குக் கடைக்குப் போய்விடுகிறது. என் புருஷன் லிங்கம் ஊருக்கெல்லாம் புரோட்டா அடித்துப் போட்ட மனுஷன். செத்து இரண்டு வருஷமாகிறது. எனக்கு விட்டுப்போனது மகள் அனுஷாவையும் இந்தச் சீக்கையும். அனுஷாவுக்கு இல்லை, டெஸ்ட் எடுத்தாச்சு. அந்த ஒன்றுக்காகத்தான் அவரைத் திட்டுவதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

கார்ப்பரேஷனில் புதுத் திட்டமாம். எச்.ஐ.வி. உள்ள விதவைகளுக்கு மாதாமாதம் சத்துணவுச் சாமான், ஆஸ்பத்திரிக்குப் பஸ் செலவு, பிள்ளையின் படிப்புக்கு உதவி. ஆஸ்பத்திரிக் கவுன்சலிங் மேடமே விண்ணப்பம் எழுதித் தந்தார். கோபம் வந்தால் கத்தாமல் எழுதி வையுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். அதனால்தான் இந்த டைரி.

பிப்ரவரி 19, ஞாயிறு

கவுன்சிலர் சரஸ்வதியம்மாள் வீடு தேடி வந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"வடிவு, உன் பேரு வந்தாச்சு. அடுத்த வார்டு சபையில வாசிச்சு பாஸாக்கிட்டா முடிஞ்சு."

"என்னன்னு வாசிப்பீங்கம்மா?"

"திட்டத்தோட பேரு, ஆளோட பேரு, வீட்டு நம்பரு. மைக்லதான். ஆட்சேபணை உண்டான்னு கேட்டு, எல்லாரும் கை தூக்கணும். அதாக்கும் சட்டம்."

திட்டத்தின் பெயரிலேயே சீக்கின் பெயர் இருக்கிறது. வார்டு முழுக்க ஸ்கூல் ஹாலில் உட்கார்ந்திருக்க, மைக்கில் — வடிவம்மாள், எச்.ஐ.வி. விதவை, ஆட்சேபணை உண்டா? இதற்குப் பதில் என்னைக் கட்டி வைத்துச் செண்டை கொட்டலாமே?

அப்படியே சொல்லிவிட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை. "ஒளிச்சு வச்சுக் கொடுத்த காலத்துல யாரெல்லாம் தின்னான்னு உனக்குத் தெரியுமா? செத்தவன் பேர்ல பென்ஷன். மாடி வீட்டுக்காரனுக்குக் குடிசை பணம். மைக்கு வச்ச பிறகாக்கும் அது நின்னுது" என்றார். பொய்யில்லை. நானே மைக்கில் கேட்டுக் கை தூக்கித்தானே எங்கள் லைனில் பாதிப் பேருக்குக் கக்கூஸ் வந்தது. அதனால்தான் இன்னும் எரிகிறது. கெட்ட ஆளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 20

குமட்டல். மாத்திரையாலா கவுன்சிலராலா தெரியவில்லை.

மார்ச் 3, வெள்ளி

எலிசாள் மெஸ்ஸின் பின்வாசலுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கம். அவளும் என்னைப் போலத்தான், புருஷன் போய்விட்டான். வேறு வார்டு. அங்கே போன ஞாயிறு சபை முடிந்துவிட்டது. அவள் பெயரை வாசித்திருக்கிறார்கள். எல்லாரும் கையும் தூக்கியிருக்கிறார்கள். "எல்லாருமாக்கும் வடிவு, ஒருத்தர் பாக்கியில்லாம தூக்கினாங்க" என்று சொல்லும்போதே அழுதாள்.

மறுநாளே வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கேட்டுவிட்டார்.

மார்ச் 9, வியாழன்

எலிசாள் மார்த்தாண்டத்துக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். சாமான்? வார்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் சாமான். பெயரை வாசித்ததால் வார்டை விட்டுப் போனாள், வார்டை விட்டுப் போனதால் ஒரு மணி பயறுகூடக் கிடையாது. என்ன நியாயம் இது? யார் உட்கார்ந்து யோசித்தார்கள் இதை? கை தூக்கினவர்களில் ஒருத்தராவது ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார்களா?

மார்ச் 13, திங்கள்

கவுன்சிலர் வீட்டுக்கு நானே போனேன்.

"குடிச்சு ஈரல் கெட்டவருக்கு உதவி கொடுத்தீங்களே, அப்ப மைக்ல குடின்னா வாசிச்சீங்க? சிகிச்சை உதவின்னுதானே வாசிச்சீங்க? நானும் கை தூக்கினேனே! எங்களுக்கு மட்டும் எதுக்கு நெத்தியில எழுதி ஒட்டறீங்க?"

"அது வேற ஃபண்ட். இது தனி ஃபண்ட், தனி தலைப்பு. ஆபீஸ்ல போய்க் கேளு" என்றார். ஆபீஸ். போகிறேன்.

மார்ச் 15, புதன்

என்ன செஞ்சுட்டேன் நான்.

செக்‌ஷன் கிளார்க் ஹரிகுமார் சார்கிட்ட மெதுவாத்தான் பேசினேன். சத்தியமா மெதுவாத்தான். அவரும் மரியாதையாத்தான் சொன்னார். "அம்மே, தலைப்பு மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. வாசிக்க வேண்டாம்னா விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கோ." அதோட விட்டிருக்கலாம். "இத்தனை நாணம் உள்ளவங்க எதுக்கு விண்ணப்பிக்கணும்?"னு ஒரு சிரிப்பு.

அவ்வளவுதான். எங்கிருந்து வந்துச்சோ. "ஆமாய்யா, எனக்கு எச்.ஐ.வி.தான்! தாலி கட்டினவன் கொடுத்தான், நான் வாங்கிக்கிட்டேன்! இதுல எனக்கென்ன நாணம்? பிள்ளைக்குச் சோறு வேணும்னு கேட்டா மைக்கு வச்சு மானத்தை வாங்குவீங்களா?" வராந்தா முழுக்க அப்படியே நின்னுபோச்சு. திரும்பிப் பார்த்தா வரிசையில இசக்கிசெல்வி. அடுத்த வீடு. பிள்ளைக்குப் பிறப்புச் சர்டிபிகேட் வாங்க வந்திருக்கா.

மைக்கு வேண்டாம்னு சண்டை போடப் போனேன். எனக்கு மைக்கே தேவைப்படலை.

மார்ச் 16

பைப்படியில் என் குடத்துக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் குடம் வைக்கவில்லை. நல்லது. சீக்கிரம் தண்ணீர் பிடித்து வந்தேன்.

மார்ச் 20, திங்கள்

நயினார் அண்ணாச்சி சம்பளத்தைக் கையில் தரவில்லை. கல்லாப் பலகையில் வைத்து நகர்த்தினார். நாளையிலிருந்து வர வேண்டாமாம். "கோவிச்சுக்காத வடிவு. எனக்கு ஒண்ணுமில்ல. திங்க வர்றவன் கேட்டா நான் என்ன சொல்ல? காய் நறுக்குற கையில்லா?"

அவருக்கு ஒன்றுமில்லையாம். இசக்கிசெல்விக்கும் ஒன்றுமில்லையாம், மாமியார்தான் குடத்தைத் தள்ளி வைக்கச் சொன்னாளாம். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்றால் என்னை ஒதுக்கி வைப்பது யார்? பேயா?

ஏப்ரல் 2, ஞாயிறு

அனுஷா மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று தலைவாரும்போது மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தாள். தமிழில் சொல்லு என்றேன்.

"நீ எதுக்கும்மா கத்தின? ஸ்கூல்ல என் பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்குறாங்க."

பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டேன், வலிக்குதும்மா என்றாள். சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகத்தான் கேட்டேன், அவளைத்தான் அது முதலில் அடித்திருக்கிறது.

ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரி வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எத்தனை பேர் நிற்கிறார்கள்? அவர்களில் ஒருத்தியாவது கார்ப்பரேஷன் படியேறி இதைக் கேட்க முடியுமா? ஏறினாலே யார் என்று தெரிந்துவிடும். எனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அப்படியானால் நான்தான் போக வேண்டும். வேறு யார்?

மே 8, திங்கள்

மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் கார்ப்பரேஷன் கமிட்டியின் முன்னால் நிறுத்தினார்கள். கவுன்சலிங் மேடமும் கூட வந்தார். சரஸ்வதியம்மாளும் கமிட்டியில் இருந்தார், எனக்காகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை.

ஒரு மெம்பர் கேட்டார்: "உங்களைப் போல கஷ்டப்படுறவங்க வேற யாரு? பேரு சொல்லுங்க, எழுதிக்கலாம்."

"சார், பேரைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் மறுபடி சொன்னேன். எலிசாளின் பெயரைச் சொல்லாமல் அவள் கதையைச் சொன்னேன். கிட்னிக்காரர், கேன்சர்காரர், இருதயக்காரர் எல்லாருக்கும் உதவி உண்டு, எங்களையும் அவர்களோடு ஒரே தலைப்பில் வாசியுங்கள் என்றேன். வாசிக்கவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. களவு போகாமல் இருக்க வாசியுங்கள். சீக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பரிசீலிக்கிறோம், அதுவரை உங்கள் வார்டுப் பட்டியல் நிற்கட்டும் என்றார்கள். பரிசீலனை — கேட்டாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மே 29

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். கடைக்காரருக்கு விஷயம் தெரியும். "ஊசி உடையாம அடிங்க, அது போதும்" என்றார். இப்படியும் ஓர் ஆள். நன்றி சொல்லக்கூட வரவில்லை, கோபமே பழகிப்போச்சு.

ஜூன் 30, வெள்ளி

சரஸ்வதியம்மாள் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன், ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எனக்குக் காட்டத்தான் குடித்தார் என்று தெரிந்தது. பெரிய தியாகம்!

"மாத்தியாச்சு வடிவு. 'நீண்டகாலச் சிகிச்சை உதவி' — எல்லாம் ஒரே தலைப்பு. எல்லா வார்டுக்கும் ஆர்டர் போயிடும். சபையில பொய் வாசிக்க மாட்டேன்னுதான் நான் பிடிவாதம் பிடிச்சேன். யோசிச்சா இது பொய்யில்லையே."

"கமிட்டியில சொன்னேனே, வீடு போனவ, அவளுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டார். "அவ வீடு மாறிப் போயிட்டாளே. மறுபடி இங்க வந்து குடியேறினா கொடுக்கலாம்."

குடியேற எந்த வீட்டில் விடுவார்கள் என்று கேட்டேன். டீ நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வார்டு சபை. அனுஷா வரவில்லை என்றாள், வற்புறுத்தவில்லை. ஸ்கூல் ஹாலில் நல்ல கூட்டம். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

ரோடு, தெரு விளக்கு, ஓடை எல்லாம் முடிந்து கவுன்சிலர் மைக்கில் "நீண்டகாலச் சிகிச்சை உதவி" என்று தொடங்கினார். ஆண், பெண், கிழவர், சின்ன வயதுக்காரர் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. என் பெயர் வந்ததும் ஹாலில் உள்ள கண் எல்லாம் என் மேல். வரட்டும், நன்றாகப் பாருங்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குப் பிறகும் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. பெண்கள் பெயரும் நிறைய. அதில் யாருக்கு என்ன என்று எனக்கே தெரியாது.

பின்னால் இருந்த இசக்கிசெல்வி குனிந்தாள். இத்தனை மாதத்தில் அவளாகப் பேசியது இதுதான். "ஏக்கா, உனக்குத் தெரிஞ்சிருக்குமே. இதுல வேற யாருக்கெல்லாம் அது இருக்கு?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எனக்குப் பழைய கோபம் அப்படியே மேலேறி வந்தது. ஆனால் கத்தவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"எனக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கெல்லாம் வேற சீக்கு."

முன்வரிசையில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், பெயர்கள் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த குழந்தையை இழுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

"ஆட்சேபணை உண்டா? இல்லைன்னா கை தூக்குங்க" என்றார் சரஸ்வதியம்மாள். மஞ்சள் சேலைக்காரி கை தூக்கினாள். நானும் தூக்கினேன்.