கூண்டுக்குள் சைவ்ஸ்

மச்சான்,

இன்று காலை கூண்டுப் பூட்டைத் திறந்து, ஆம்லெட்டுக்குக் கொஞ்சம் சைவ்ஸ் நறுக்கினேன். வெங்காயத்தாளுக்கு ஒல்லித் தங்கச்சி மாதிரியான அந்தச் செடியின் வாசனை விரலில் ஏறியதும், நீ என்னைத் திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

குரோம்பேட்டை பிளாட்டில் நம் பால்கனிகள் ஒட்டியவை. நான் ஆசையாக வளர்த்த சைவ்ஸ் தொட்டியை உன் பூனை வந்து முகர ஆரம்பித்தது. நாள் முழுக்கத் தூங்கி, எழுந்தால் எல்லோரையும் முறைப்பதால் அதற்கு நீ வைத்த பெயர் மேனேஜர். "வாசல்ல நாய் வராம இருக்க நீலத் தண்ணி பாட்டில் வைக்கிறோம்ல, அதையே வைப்போம்டா" என்று சொட்டு நீலம் கலந்து கொண்டுவந்து வைத்ததும் நீதான். மேனேஜர் அந்தப் பாட்டிலில் சாவகாசமாகக் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, தொட்டியில் பாதியை மொட்டையடித்தது.

சாயங்காலம் எச்சில் ஒழுக, வாந்தி எடுத்தது. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் போனோம். வழியெல்லாம் உன் வாயில் ஒரு மூச்சு ஸ்தோத்திரம், மறு மூச்சு எனக்கு வசவு. உன் மனைவி போன பிறகு வீட்டில் உனக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான்.

"வெங்காயம், பூண்டு, சைவ்ஸ் எல்லாம் ஒரே குடும்பம் சார். நாய், பூனை ரெண்டுக்குமே விஷம். சமைச்சாலும் ஆகாது. ரத்தம் குறையுதான்னு ஒரு வாரம் பாக்கணும்" என்றார் டாக்டர்.

"நீலத் தண்ணி வச்சிருந்தேனே டாக்டர்?" என்று கேட்டாய். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார்.

அந்த வாரம் நீ என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் மேனேஜர் என் அடுப்படியில் வறுத்த மீனைத் திருடியது. பிழைத்துவிட்டது என்று இருவரும் அழுதோம். மறுநாளே பழைய லவ் பேர்ட்ஸ் கூண்டில் என் தொட்டியை வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "செடிய நம்பினாலும் உன்ன நம்பமாட்டேன்டா." அதன்பின் ஆம்லெட் என்றால் உன் காலிங்பெல்லை அழுத்த வேண்டும். திறந்துவிட்டு, கீழே விழுந்த துணுக்கைக்கூடப் பொறுக்கிவிட்டு, பாதியைச் சாப்பிட்டுத்தான் போவாய்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள், உன் மகள் மேனேஜரையும் சாவியையும் என்னிடம் கொடுத்தாள். மனசு உன்னை ரொம்பத் தேடுகிறது, மச்சான். இன்று பாதி ஆம்லெட்டோடு போய் உன் பெல்லை அழுத்திவிட்டேன். புதிதாகக் குடிவந்தவர் கதவைத் திறந்து, "என்ன சார்?" என்றார். நான் திருதிருவென்று விழிப்பதற்குள், என் பின்னாலேயே வந்த மேனேஜர் அவர் காலிடுக்கில் நுழைந்து, உன் கட்டில் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அசடு நான் மட்டும் இல்லை.