கோட்டுக்கு ஒரு அடி முன்னால்

புவனேஸ்வரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் கணவன் பாண்டியராஜுக்கு எழுதினாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மனசு மரத்துக் கிடந்தது.

“சோறு ஆக்கி வச்சிருக்கேன். வெஞ்சனம் வெண்டைக்காய். சாவி எதுத்த வீட்டுல. பாப்பாவ வையாதீங்க. நேத்து பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துல முன்னாடி ஓடுனவ, கோட்டுக்கு ஒரு அடி இருக்கையில வேணும்னேதான் நின்னுருக்கா. பின்னாடி வந்த பையன் ஜெயிக்கட்டும்னு. அவ பாக்குற கார்ட்டூன்ல பொண்ணு தோத்தாத்தான் பையனுக்கு அவளப் பிடிக்குமாம்.”

பேனாவை மூடினாள். அவளுக்கு வங்கியின் வத்தலக்குண்டு கிளைக்கு மேலாளராகப் பதவி உயர்வு வந்திருந்தது. “பொண்டாட்டி மேனேஜர், நான் கிளார்க்கா?” என்று பாண்டியராஜ் கேட்டு நாலு நாளாயிற்று, அதோடு பேச்சு நின்றது. பதவி உயர்வு வேண்டாமென்று அவள் எழுதிய கடிதம் கைப்பையில் இருந்தது. இன்று கொடுத்துவிட வேண்டும்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் இடுக்கி எழுதினாள்:

“கார்ட்டூன நிறுத்துனதுக்குப் பாப்பா எங்கிட்ட ஒண்ணு கேட்டா. ‘அப்பாவுக்குப் பிடிக்கணும்னுதானம்மா நீயும் நின்னுட்ட?’ லெட்டரக் குடுத்துட்டு வாரேன். சாயங்காலம் அதுக்குப் பதில அவளுக்கு நீங்களே சொல்லிருங்க.”